பாகம் நாலு, வாசல் ஒண்ணு: டூயல் பூட்டின் கதை

(எபிசோடின் ஒலிப்பதிவிலிருந்து திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் ஒரு கருப்பு ஸ்கிரீன்ல இருந்து ஆரம்பிக்குது.

பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும்போது எனக்கு அரசோட இலவச மடிக்கணினி கிடைச்சது. கேக்குறவங்கள்ல நிறைய பேருக்கும் கிடைச்சிருக்கும். அதை ஆன் பண்ணா நேரா விண்டோஸ் வராது, ஞாபகம் இருக்கா? முதல்ல ஒரு பட்டியல் வரும். ஒரு வரியில பாஸ் லினக்ஸ், இன்னொரு வரியில விண்டோஸ். நாங்க எல்லாரும் அம்புக்குறியை அழுத்தி விண்டோஸுக்குப் போயிடுவோம். லினக்ஸை ஒரே ஒரு தடவை திறந்து பார்த்துட்டு அப்படியே மறந்தாச்சு.

இன்ஜினியரிங் முதல் வருஷம், ஹாஸ்டல். படம் ஏத்த இடம் பத்தல. டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்து பார்த்தா, பெயரும் இல்லாம எழுத்தும் இல்லாம ஒரு துண்டு சும்மா கிடக்கு. யாருக்கும் பயன்படாத இடம்னு நினைச்சு டெலீட் பண்ணேன். ரீஸ்டார்ட் பண்ணேன். கருப்பு ஸ்கிரீன். "கிரப் ரெஸ்க்யூ"ன்னு ரெண்டு வார்த்தை, பக்கத்துல ஒரு கர்சர். அவ்வளவுதான். விண்டோஸும் வரல, லினக்ஸும் வரல.

பதற்றத்துல ரெண்டாவது தப்பு பண்ணேன். பக்கத்து ரூம்ல விண்டோஸ் இன்ஸ்டால் பண்ற பென் டிரைவ் வாங்கிட்டு வந்து போட்டேன். அந்த இன்ஸ்டால் திரையில சி, டி-ன்னு எழுத்து எதுவும் கிடையாது. பார்ட்டிஷன் 1, 2, 3-ன்னு எண் மட்டும்தான். எது எதுன்னு தெரியாம ஒண்ணை டெலீட் பண்ணேன். அதுலதான் அக்கா கல்யாண போட்டோ மொத்தமும் இருந்தது. ஸ்டூடியோ கொடுத்த டிவிடி ஏற்கனவே கீறல் விழுந்து போயிருந்துச்சு. எங்க தாத்தா கடைசியா வந்த விசேஷம் அந்தக் கல்யாணம்தான்.

அந்த போட்டோ என்ன ஆச்சுன்னு கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, ஒரு பெயரில்லாத துண்டை அழிச்சா முழு கம்ப்யூட்டரும் ஏன் படுத்துடுது? ஒரே டிஸ்க்ல ரெண்டு ஓஎஸ் வைக்கலாம்னு முதல்ல யோசிச்சது யாரு? இந்தக் கேள்வியைப் பிடிச்சுக்கிட்டே போனா 1980-களுக்குப் போய் நிக்கிறோம்.

10 எம்பியை எதுக்குப் பிரிக்கணும்?

1981 ஆகஸ்ட்ல ஐபிஎம் தன்னோட முதல் பர்சனல் கம்ப்யூட்டரை வெளியிட்டது. அதுல ஹார்ட் டிஸ்க்கே கிடையாது, ஃபிளாப்பிதான். அதுக்கு ஒரே ஒரு ஓஎஸ்தான்னு அப்போ யாரும் முடிவு பண்ணல. மைக்ரோசாஃப்ட்கிட்ட இருந்து வந்த பிசி-டாஸ், டிஜிட்டல் ரிசர்ச்சோட சிபி/எம்-86, யூசிஎஸ்டி பி-சிஸ்டம்னு மூணு பேர் வரிசையில இருந்தாங்க. டாஸ் விலை 40 டாலர், சிபி/எம்-86 விலை 240 டாலர். யார் ஜெயிச்சாங்கன்னு நமக்கு இன்னைக்குத் தெரியும். ஆனா அன்னைக்கு அது தெரியாது.

ஃபிளாப்பி காலத்துல டூயல் பூட் ஒரு பிரச்சினையே இல்ல. டாஸ் வேணுமா, டாஸ் ஃபிளாப்பியைச் சொருகு. சிபி/எம் வேணுமா, அந்த ஃபிளாப்பியைச் சொருகு. ஆளாளுக்குத் தனி வீடு.

1983 மார்ச்ல ஐபிஎம் பிசி எக்ஸ்டி வந்தது. உள்ளேயே 10 எம்பி ஹார்ட் டிஸ்க். இன்னைக்கு உங்க போன்ல எடுக்கிற ரெண்டு மூணு போட்டோ அளவு. ஆனா அன்னைக்கு அது ஒரு பெரிய அரிசிக் குதிர் மாதிரி. ஃபிளாப்பியை மாதிரி அதைக் கழட்டி மாட்ட முடியாது. இப்போ எல்லாரும் ஒரே வீட்டுல இருந்தாகணும். கூட்டுக் குடும்பம் ஆயிடுச்சு.

அதனாலதான் எக்ஸ்டியோட வந்த பிசி-டாஸ் 2.0-ல எஃப்டிஸ்க்னு ஒரு கருவி இருந்தது. அது ஹார்ட் டிஸ்க்கை அதிகபட்சம் நாலு பாகமா பிரிக்கும். இங்கதான் நான் ஆச்சரியப்பட்ட விஷயம். நாம இன்னைக்கு பார்ட்டிஷன்னா சி டிரைவ், டி டிரைவ்னு நினைக்கிறோம், இல்லையா? அந்த எஃப்டிஸ்க் டாஸுக்கு ஒரே ஒரு பாகம்தான் கொடுக்கும். டி டிரைவ்னு இன்னொண்ணு கேட்டா கிடைக்காது. மிச்ச பாகம் எல்லாம் மத்த ஓஎஸ்களுக்கு. அடுத்த வருஷமே ஐபிஎம் எக்ஸ்டிக்குன்னு பிசி/ஐஎக்ஸ்ங்கிற யூனிக்ஸையும் வித்தது.

அதாவது, பார்ட்டிஷன்ங்கிற யோசனை பிசியில பிறந்ததே டூயல் பூட்டுக்காகத்தான். சி, டி எல்லாம் பிற்பாடு வந்து குடியேறினது.

பத்திரம் எழுதின 64 பைட்

சரி, பிரிக்கிறதுன்னா உண்மையில என்ன நடக்குது? டிஸ்க்குக்குள்ள யாரும் சுவர் எழுப்புறதில்ல. ஊர்ல அண்ணன் தம்பி நிலத்தைப் பிரிச்சா மண்ணுல எதுவும் மாறாது, பத்திரத்துலதான் மாறும். இங்கேயும் அப்படித்தான். மாறுறது ஒரு அட்டவணை மட்டும்.

டிஸ்க்கோட முதல் செக்டார், 512 பைட். இதுக்குப் பேர் மாஸ்டர் பூட் ரெக்கார்ட், சுருக்கமா எம்பிஆர். இந்த 512-ஐக் கணக்குப் போட்டுப் பாருங்க. முதல் 446 பைட்ல ஒரு குட்டி புரோகிராம். அடுத்த 64 பைட்ல அட்டவணை: வரிக்கு 16 பைட், நாலு வரி. கடைசி 2 பைட்ல ஒரு முத்திரை, ஹெக்ஸ்ல 55, ஏஏ. 446, 64, 2. கூட்டினா 512. ஒரு பைட் கூட மிச்சமில்ல.

ஒவ்வொரு வரியும் சொல்றது நாலே விஷயம். இந்தப் பாகம் எங்க ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம், இது என்ன வகை, பூட் ஆக வேண்டியது இதுதானா.

கம்ப்யூட்டரை ஆன் பண்ணதும் பயாஸ் இந்த முதல் செக்டாரை மெமரிக்குக் கொண்டு வரும். முத்திரை சரியா இருக்கான்னு பார்க்கும். இருந்தா, அந்த 446 பைட் புரோகிராம்கிட்ட கட்டுப்பாட்டைக் கொடுத்துட்டு ஒதுங்கிக்கும். அந்த புரோகிராம் அட்டவணையைப் பார்த்து, "பூட் பண்ணு"ன்னு குறிச்சிருக்கிற பாகத்தோட முதல் செக்டாரைத் தூக்கி ஓடவிடும்.

இதுல ஒரு சிக்கல் ஒளிஞ்சிருக்கு. அட்டவணையில நாலு வரி இருக்கு, நாலு பேர் வாழலாம். ஆனா அந்த 446 பைட் புரோகிராம் ஒண்ணே ஒண்ணுதான். பாகம் நாலு, வாசல் ஒண்ணு. வாசல்ல யார் உட்கார்றாங்களோ அவங்கதான் யாரை உள்ள விடலாம்னு முடிவு பண்ணுவாங்க. இந்தக் கதையில இனிமே வரப்போற அத்தனை சண்டைக்கும் காரணம் இதுதான்.

பட்டா கொடுக்க ஆளில்ல

வகை சொல்ற இடத்துக்கு ஒரே ஒரு பைட்தான். டாஸோட ஆரம்பகால ஃபேட் பாகத்துக்கு 01. லினக்ஸ் பாகத்துக்கு 83. லினக்ஸ் ஸ்வாப்புக்கு 82. இந்த எண்களைக் கொடுக்கன்னு ஒரு தாலுகா ஆபீஸ் இருந்ததான்னா, கிடையாது. அவங்கவங்க காலியா தெரிஞ்ச எண்ணை எடுத்துக்கிட்டாங்க.

விளைவு என்ன? இன்டெல் மெஷின்ல ஓடின சோலாரிஸும் 82, லினக்ஸ் ஸ்வாப்பும் 82. ரெண்டையும் ஒரே டிஸ்க்ல போட்டா, ஒருத்தன் வீட்டை இன்னொருத்தன் தன் வீடுன்னு நினைச்சுக்குவான். ஓஎஸ்/2-வோட எச்பிஎஃப்எஸும் விண்டோஸ் என்டியோட என்டிஎஃப்எஸும் ரெண்டுமே 07. உள்ள போய் பார்த்தாதான் யாருன்னு தெரியும்.

இடமும் சீக்கிரமே பத்தாமப் போச்சு. அன்னைய டாஸ் ஒரு பாகத்துல எத்தனை செக்டார்னு எண்ண 16 பிட்தான் வச்சிருந்தது. 65,536 செக்டார், செக்டாருக்கு 512 பைட். அதாவது 32 எம்பி. நீங்க 40 எம்பி டிஸ்க் வாங்கினா மிச்சம் 8 எம்பியை டாஸால தொட முடியாது. 1987-ல டாஸ் 3.3 ஒரு ஒட்டு வேலை பண்ணுச்சு. அட்டவணையோட ஒரு வரியை ஒரு பெட்டியா மாத்தி, அந்தப் பெட்டிக்குள்ள இன்னொரு அட்டவணை, அதுக்குள்ள இன்னொண்ணுன்னு சங்கிலி மாதிரி கோர்த்தாங்க. எக்ஸ்டெண்டட் பார்ட்டிஷன்னு கேள்விப்பட்டிருப்பீங்களே, அது இதுதான். நமக்கு டி டிரைவ் வந்த வழியும் இதுதான்.

ஹெல்சிங்கியில் ஒரு விபத்து

இப்போ 1991. ஹெல்சிங்கியில லினஸ் டோர்வால்ட்ஸ்னு ஒரு மாணவர் புதுசா ஒரு 386 வாங்கியிருந்தார். அதுல ஆண்ட்ரூ டானன்பாம் எழுதின மினிக்ஸ் ஓஎஸ்ஸைப் போட்டார். மினிக்ஸுக்குள்ள உட்கார்ந்துதான் லினக்ஸை எழுதினார். ஆரம்ப லினக்ஸ் பயன்படுத்தினதும் மினிக்ஸோட ஃபைல் சிஸ்டம் வடிவத்தைத்தான். அப்போதான் ரெண்டு பேரும் ஒரே டிஸ்க்கைப் பகிர்ந்துக்க முடியும். லினக்ஸ் பிறந்த வீடே ஒரு டூயல் பூட் வீடு.

அந்த வருஷத்தோட பிற்பகுதியில ஒரு நாள். யூனிவர்சிட்டி கம்ப்யூட்டரோட பேச, மோடத்துக்கு டயல் கட்டளை அனுப்பணும். ஆனா கைதவறி அந்தக் கட்டளை மோடத்துக்குப் போகாம ஹார்ட் டிஸ்க்குக்குப் போயிடுச்சு. மினிக்ஸ் இருந்த பாகத்தோட முக்கியமான இடத்துல டயல் கட்டளை எழுதப்பட்டு, மினிக்ஸ் காலி. லினஸ் தன்னோட சுயசரிதையில இதை விவரிக்கிறார்.

ரெண்டு வழி இருந்தது. மினிக்ஸைத் திரும்ப இன்ஸ்டால் பண்ணலாம். இல்ல, லினக்ஸ் தன் கால்ல நிக்கும்னு நம்பி அதுலயே இருந்துடலாம். அவர் ரெண்டாவதைத் தேர்ந்தெடுத்தார்.

இதைப் படிச்சப்போ எனக்கு என்ன தோணுச்சுன்னா, சரி, பார்ட்டிஷனை அழிச்சது நான் மட்டும் இல்ல.

திண்ணையில் இடம் பிடித்தவர்கள்

உலகத்துல மத்தவங்க லினக்ஸை முயற்சி பண்ணணும்னா, அவங்க டிஸ்க்ல ஏற்கனவே டாஸ் இருக்கும். ரெண்டையும் தேர்ந்தெடுக்க ஒரு வழி வேணும். 1992-ல வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் லிலோவை எழுதினார். அது வாசல்ல உட்கார்ந்து, "டாஸா, லினக்ஸா?"ன்னு கேக்கும்.

லிலோவுக்கு ஃபைல் சிஸ்டம்னா என்னன்னே தெரியாது. லினக்ஸ் கெர்னல் டிஸ்க்ல எந்தெந்த செக்டார்ல இருக்குன்னு முன்னாடியே குறிச்சு வச்சுக்கும். நீங்க புது கெர்னல் போட்டுட்டு லிலோவை மறுபடி ஓட்ட மறந்தா, அடுத்த நாள் கம்ப்யூட்டர் எழும்பாது. இதோட பழைய பயாஸால டிஸ்க்கோட முதல் 1024 சிலிண்டரைத் தாண்டிப் படிக்க முடியாது. அதனால கெர்னலை டிஸ்க்கோட ஆரம்பத்துலயே ஒரு சின்ன பாகத்துல வைக்கணும். லினக்ஸ் இன்ஸ்டால் பண்ணும்போது பூட்டுக்குன்னு தனியா ஒரு சின்ன பார்ட்டிஷன் போடுவாங்களே, அந்தப் பழக்கம் பரவினதுக்கு இது ஒரு பெரிய காரணம். காரணம் போயிடுச்சு, பழக்கம் இருக்கு.

1995-ல எரிக் போலின், க்னூ ஹர்டை பூட் பண்ற முயற்சியில கிரப்பை ஆரம்பிச்சார். கிரப்புக்கு ஃபைல் சிஸ்டம் படிக்கத் தெரியும். கெர்னலோட பெயரைச் சொன்னா அதுவே தேடிக்கும். ஆனா இவ்வளவு அறிவு 446 பைட்ல அடங்காது. அதனால வாசல்ல ஒரு துண்டு, எம்பிஆருக்கும் முதல் பாகத்துக்கும் நடுவுல சும்மா கிடக்கிற இடைவெளியில ஒரு துண்டு, மிச்சம் எல்லாம் லினக்ஸ் பாகத்துக்குள்ளன்னு பிரிச்சு வச்சாங்க. இப்போ என் ஹாஸ்டல் கதை புரியுதா? நான் அழிச்ச "பெயரில்லாத துண்டு"க்குள்ளதான் கிரப்போட மிச்ச உடம்பு இருந்தது. வாசல்ல தலை மட்டும் மிஞ்சி, "மத்ததெல்லாம் எங்கப்பா?"ன்னு கேட்டுச்சு.

இடம் பிரிக்கிறதும் அன்னைக்குப் பெரிய வேலை. டாஸ் முழு டிஸ்க்கையும் பிடிச்சிருந்தா, எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் மறுபடி பிரிக்கணும். 1993-ல ஆர்னோ ஷேஃபர் எழுதின ஃபிப்ஸ் இதை மாத்துச்சு. முதல்ல டீஃபிராக் பண்ணி எல்லா ஃபைலையும் டிஸ்க்கோட முன்பக்கம் ஒதுக்கணும். அப்புறம் ஃபிப்ஸ் பின்பக்கக் காலி இடத்தை வெட்டி தனி பாகமாக்கும். காசு கொடுக்க முடிஞ்சவங்க பவர்குவெஸ்ட்டோட பார்ட்டிஷன்மேஜிக் வாங்கினாங்க. இன்னைக்கு ஜிபார்ட்டெட்ல மவுஸை இழுத்து பாகத்தைச் சுருக்குறோம். அது அவ்வளவு எளிமையா வந்துடல.

வாசல் யாருக்குச் சொந்தம்?

இதுவரைக்கும் தொழில்நுட்பக் கதை. இப்போ வர்றது வியாபாரக் கதை.

விண்டோஸ் இன்ஸ்டால் பண்ணா, வாசல்ல யார் இருந்தாலும் எழுப்பிவிட்டுட்டு தன்னோட 446 பைட்டை எழுதிக்கும். லினக்ஸ்காரங்க மத்தியில அதனாலதான் ஒரு பழமொழி மாதிரியே ஆயிடுச்சு: முதல்ல விண்டோஸைப் போடு, அப்புறம் லினக்ஸைப் போடு. விண்டோஸ் என்டியோட பூட் லோடருக்கும் மெனு காட்டத் தெரியும். ஆனா அது தன் குடும்பத்தை மட்டும்தான் தானா விசாரிச்சு சேர்த்துக்கும்.

ஆப்பிள்ல இருந்து வெளியேறின ஜான்-லூயி காசே 1990-ல பி நிறுவனத்தைத் தொடங்கினார். அவங்க உருவாக்கின பிஓஎஸ், வீடியோ, ஆடியோ வேலைக்குன்னு யோசிச்சுக் கட்டின அழகான சிஸ்டம். விண்டோஸைத் தூக்கிட்டு என்னை வைங்கன்னு அவங்க கேக்கல. பக்கத்துல ஒரு பாகம் கொடுங்க, ஆன் பண்ணும்போது எங்க பேரும் பட்டியல்ல தெரியட்டும்னுதான் கேட்டாங்க. அப்படி வைக்கிற கம்ப்யூட்டர் நிறுவனத்துக்கு பிஓஎஸ் இலவசம்னு காசே அறிவிச்சார்.

ஜப்பானோட ஹிட்டாச்சி ஒத்துக்கிச்சு. 1990-களோட கடைசியில ஃப்ளோரா பிரியஸ்னு ஒரு மாடல்ல விண்டோஸும் பிஓஎஸும் ரெண்டுமே டிஸ்க்ல ஏறி கடைக்கு வந்தது. ஆனா ஆன் பண்ணா விண்டோஸ் மட்டும்தான் வரும். பட்டியல் கிடையாது. விண்டோஸுக்குள்ள போனாலும் பிஓஎஸ் இருக்குன்னு காட்ட ஒரு ஐகான் கிடையாது. வாங்கினவர் பி நிறுவனத்தோட இணையதளத்துக்குப் போய், வழிமுறையைப் படிச்சு, பூட் ஃபிளாப்பி தயார் பண்ணாதான் தன் டிஸ்க்லயே இருக்கிற பிஓஎஸ்ஸைப் பார்க்க முடியும். சொத்துல பங்கு இருக்கு, வாசல் வழியா நடக்க உரிமை இல்ல.

காரணம், மைக்ரோசாஃப்ட் கம்ப்யூட்டர் தயாரிப்பாளர்களோட போட்ட லைசென்ஸ் ஒப்பந்தம்தான்னு பி நிறுவனம் குற்றம் சாட்டியது. விண்டோஸ் இருக்கிற மெஷின்ல வேற பூட் மெனுவைக் காட்டக்கூடாதுன்னு அந்த ஒப்பந்தம் கட்டுப்படுத்துதுங்கிறது அவங்க வாதம். 2001-ல பி தன்னோட சொத்துகளை பாம் நிறுவனத்துக்கு சுமார் 11 மில்லியன் டாலருக்கு வித்தது. 2002-ல மைக்ரோசாஃப்ட் மேல வழக்குப் போட்டது. 2003-ல 23.25 மில்லியன் டாலருக்கு சமரசம். தவறு எதையும் மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொள்ளவில்லை. சமரசத்துல கிடைச்ச பணம், மொத்த நிறுவனத்தையும் வித்ததுல கிடைச்சதை விட அதிகம். ஆனா பணம் வந்தப்போ நிறுவனமே இல்ல.

பிஓஎஸ் ஜெயிச்சிருக்கும்னு நான் சொல்ல வரல. வேற காரணத்தால கூட தோத்திருக்கலாம். ஆனா நல்லா இருக்கா இல்லையான்னு மக்கள் பார்த்து முடிவு பண்றதுக்கு ஒரு வரி வேணும், இல்லையா? அந்த ஒரு வரி மெனுவுல வரல. அதோட ரசிகர்கள் 2001-ல இருந்து அதே சிஸ்டத்தை மறுபடி எழுத ஆரம்பிச்சாங்க. ஹைக்குங்கிற பேர்ல இன்னைக்கும் அது உயிரோட இருக்கு. விருப்பம் இருந்தா உங்க பென் டிரைவ்ல போட்டுப் பாருங்க.

பத்திரம் மாறுது, பழக்கம் மாறல

எம்பிஆர் எழுதின அட்டவணை செக்டாரை 32 பிட்ல எண்ணும். அதோட உச்சவரம்பு சுமார் 2.2 டெராபைட். 1983-ல 10 எம்பி டிஸ்க்கைப் பார்த்தவங்களுக்கு அது வானத்துக்கும் பூமிக்கும் உள்ள தூரம். 2010-ல 3 டெராபைட் டிஸ்க் கடைக்கு வந்துடுச்சு.

நல்லவேளை, மாற்று தயாரா இருந்தது. இன்டெல் தன்னோட இட்டானியம் சர்வர்களுக்காக 1990-களோட கடைசியில இஎஃப்ஐன்னு பயாஸுக்கு ஒரு மாற்றை யோசிச்சது. அது பிற்பாடு யூஇஎஃப்ஐ ஆச்சு. அதோட கூடவே வந்த அட்டவணைதான் ஜிபிடி. நாலு வரிக்குப் பதிலா வழக்கமா 128 வரி. 32 பிட்டுக்குப் பதிலா 64 பிட். பத்திரத்தோட நகல் ஒண்ணு டிஸ்க்கோட கடைசியில பத்திரமா இருக்கும். எழுத்து கலைஞ்சிருந்தா கண்டுபிடிக்க சரிபார்ப்பு எண்ணும் உண்டு.

ஆனா ஜிபிடி டிஸ்க்லயும் முதல் 512 பைட்ல இன்னும் ஒரு எம்பிஆர் இருக்கு. பழைய கருவிகள் பார்த்துட்டு "காலி மனை"ன்னு நினைச்சு உள்ள நுழைஞ்சிடக் கூடாதுன்னு, முழு டிஸ்க்கும் ஈஈ வகையில ஒரே பாகம்னு அதுல எழுதி வச்சிருக்கும். புது வீட்டு வாசல்ல பழைய வீட்டுப் பலகை.

வகைக் குழப்பமும் கூடவே வந்துச்சு. ஒரு பைட்டுக்குப் பதிலா 16 பைட் நீள அடையாள எண் வந்தாச்சு, இனி மோதலே வராதுன்னு எல்லாரும் நினைச்சாங்க. ஆனா லினக்ஸ் கருவிகள் தனக்குன்னு புது எண் உருவாக்காம, விண்டோஸ் டேட்டா பாகத்தோட எண்ணையே பல வருஷம் பயன்படுத்துச்சு. விண்டோஸ் அதைப் பார்த்துட்டு, "இது என் பாகம்தான், ஆனா படிக்க முடியல, ஃபார்மேட் பண்ணட்டுமா?"ன்னு கேக்கும். ஓகே கொடுத்தா லினக்ஸ் காலி. 2011 வாக்குலதான் லினக்ஸுக்குத் தனி எண் வந்துச்சு.

யூஇஎஃப்ஐ வாசல் பிரச்சினையை ஓரளவு தீர்த்தது. இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன்னு ஒரு பொது முற்றம். அதுல ஒவ்வொரு ஓஎஸுக்கும் தனி ஃபோல்டர். ஒருத்தர் மேல இன்னொருத்தர் எழுத வேண்டியதில்ல.

அப்புறம் செக்யூர் பூட் வந்தது. வாசல்ல இப்போ ஒரு காவலாளி. கையெழுத்து இல்லாத எந்த பூட் லோடரையும் உள்ள விடமாட்டார். இதுக்கு நியாயமான காரணம் இருக்கு: எம்பிஆர்ல குடியேறின வைரஸ்கள் 1980-கள்ல இருந்தே உண்டு. 1992 மார்ச் 6-ஐ உலகமே பயந்து பார்த்த மைக்கேலேஞ்சலோ வைரஸ் அந்த வகைதான். ஆனா யாரோட கையெழுத்து? கடையில கிடைக்கிற பெரும்பாலான பிசிக்கள்ல மைக்ரோசாஃப்டோட சாவி இருக்கும். 2012-ல விண்டோஸ் 8 வந்தப்போ, இன்டெல் வகை பிசிகள்ல செக்யூர் பூட்டைப் பயனாளர் அணைக்க முடியணும்னு விதி இருந்தது. ஏஆர்எம் மெஷின்கள்ல அணைக்கவே கூடாதுன்னு விதி. லினக்ஸ் தரப்புல மேத்யூ காரெட் போன்றவங்க ஷிம்னு ஒரு சின்ன பூட் லோடரை எழுதி, அதுக்கு மைக்ரோசாஃப்ட் கையெழுத்து வாங்கினாங்க. அந்த ஷிம் கிரப்பைச் சரிபார்த்து உள்ள விடும்.

2024 ஆகஸ்ட்ல ஒரு விண்டோஸ் அப்டேட், ஓட்டை இருந்த பழைய பூட் லோடர்களைத் தடை பண்ணுச்சு. டூயல் பூட் மெஷின்களுக்கு இது போகாதுன்னு மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தது. ஆனா சில வகை டூயல் பூட் அமைப்பை அந்த அப்டேட்டால கண்டுபிடிக்க முடியல. பல பேருக்கு லினக்ஸைத் தேர்ந்தெடுத்தா, பாதுகாப்பு விதிமீறல்னு ஒரு வரி காட்டிட்டு மெஷின் அணைஞ்சு போச்சு. 1983-ல வச்ச அதே கேள்விதான், 41 வருஷம் கழிச்சும்.

மறுபடி ஹாஸ்டல் ரூமுக்கு

அன்னைக்கு ராத்திரி ஒரு சீனியர் வந்து பார்த்தாங்க. முதல் வார்த்தை, "ஆஃப் பண்ணு. இதுக்கு மேல எதையும் எழுதாத."

அப்புறம் ஒரு பென் டிரைவ்ல லினக்ஸைப் போட்டு, அதுல இருந்து மெஷினை பூட் பண்ணாங்க. டெஸ்ட்டிஸ்க்னு ஒரு கருவி, கிறிஸ்டோஃப் கிரெனியர் எழுதினது. அது அட்டவணையை நம்பாது. டிஸ்க் முழுக்க நடந்து போய், ஃபைல் சிஸ்டம் எங்கெல்லாம் ஆரம்பிக்குதோ அந்த அடையாளத்தைத் தேடும். எல்லைக்கல்லைப் பார்த்து பத்திரத்தைத் திரும்ப எழுதுற மாதிரி. நான் அழிச்சது அட்டவணையில சில பைட்டைத்தான். போட்டோ எல்லாம் இருந்த இடத்துலயே இருந்தது. ஃபார்மேட் பண்ணாததாலயும் புதுசா எதையும் இன்ஸ்டால் பண்ணாததாலயும் தப்பிச்சது. விடியும்போது அந்த பாகம் திரும்ப வந்துடுச்சு. முதல் போட்டோவைத் திறந்தேன். தாத்தா முன்வரிசை நாற்காலியில உட்கார்ந்து, கையில சர்பத் டம்ளரோட கேமராவை முறைச்சுக்கிட்டு இருந்தார்.

தேவையில்லைன்னு நான் அழிச்சது லினக்ஸை. போட்டோவைத் திருப்பிக் கொடுத்ததும் லினக்ஸ்தான். அந்த செமஸ்டர் லீவுல நானே உட்கார்ந்து முதல் தடவையா டிஸ்க்கைப் பிரிச்சு லினக்ஸ் போட்டேன். இன்னைக்கு சம்பளம் வாங்குற வேலை அங்க இருந்துதான் தொடங்குது.

அந்த மடிக்கணினியை நான் இப்போ வேற மாதிரி பார்க்கிறேன். 2011 செப்டம்பர்ல தொடங்கின அந்தத் திட்டத்துல, எல்காட் மூலமா வாங்கின மெஷின்கள்ல விண்டோஸோட பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தாங்க. பாஸ்ங்கிறது டெபியனை அடிப்படையா வச்சு சிடாக் உருவாக்கின இந்திய லினக்ஸ். ஜப்பான்ல பிஓஎஸுக்குக் கிடைக்காத அந்த ஒரு வரி, நம்ம ஊர் அரசுப் பள்ளிப் பசங்க மெஷின்ல லினக்ஸுக்குக் கிடைச்சிருக்கு. நாங்க அம்புக்குறியை அழுத்தித் தாண்டிப் போனோம். அது எங்க இஷ்டம். ஆனா தாண்டிப் போறதுக்கு ஒரு வரி இருந்தது.

இன்னைக்கு விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓடுது, விர்ச்சுவல் மெஷின் இருக்கு. டூயல் பூட் கட்டாயம் இல்ல. ஆனாலும் முயற்சி பண்ணப் போறீங்கன்னா, நாலு விஷயம்.

முதல்ல பேக்கப். அதே டிஸ்க்ல இல்ல, வேற டிஸ்க்ல. ரெண்டாவது, பிட்லாக்கர் போட்டிருந்தா அதோட ரெக்கவரி கீயைக் காகிதத்துல எழுதி வச்சுக்கோங்க. பூட் அமைப்பு மாறினா அது கேக்கும். மூணாவது, விண்டோஸ் பாகத்தைச் சுருக்குறதை விண்டோஸுக்குள்ள இருந்தே பண்ணுங்க, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பையும் அணைச்சுடுங்க. அது ஆன்ல இருந்தா, ஷட் டவுன் பண்ணாலும் விண்டோஸ் முழுசா மூடாது. அந்த நிலையில லினக்ஸ்ல இருந்து அந்தப் பாகத்துல எழுதினா டேட்டா கெட்டுப்போகலாம். நாலாவது, பெயரில்லாத துண்டு எதையும் யாருடையதுன்னு தெரியாம அழிக்காதீங்க.

அப்படியே அழிச்சுட்டீங்கன்னா, ஆஃப் பண்ணுங்க. எதையும் எழுதாதீங்க. தெரிஞ்ச சீனியரைக் கூப்பிடுங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.